எழுவர் எழுதும் ஒரு பேரேடு

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பக்கம்கூட நிரப்பப்படாத பழைய பேரேடு ஒன்றை வாங்கினேன். முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழியும் அதன் கீழே ‘சிவமயம்’ என்ற சொல்லும் மட்டும் இருந்தன. யாரோ ஒருவர் ஒரு கடையின் கணக்கைத் தொடங்க எண்ணி, அதற்குமேல் எழுதாமல் விட்டிருக்கிறார். மங்குச் சட்டிகளுக்கும் மரவைகளுக்கும் நடுவில் கிடந்த அதை எடுத்துப் புரட்டியபோது, அந்தக் கடை எந்த ஊரில் தொடங்கப்பட இருந்தது, ஏன் தொடங்கப்படவில்லை என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இன்று அந்தப் பேரேட்டில் எழுவர் சேர்ந்து நடக்காத ஒரு வரலாற்றை எழுதி வருகிறோம். அந்த வரலாற்றைப் பற்றியும், அதில் நான் எழுத விரும்பி எழுத முடியாமற்போன ஒரு வரியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும்.

வரலாற்றில் ஏதேனும் ஓர் இடத்தில் ஒன்று வேறாக நடந்திருந்தால் அதன்பின் என்னவாகியிருக்கும் என்று எண்ணி எழுதுவது மாற்று வரலாறு. ஒருவர் தனியாக எழுதும்போது அவருடைய விருப்பமே அந்த உலகின் சட்டமாக இருக்கும். பலர் ஒரே மாற்று உலகுக்குள் தத்தம் கதைகளை எழுதத் தொடங்கினால், ஒருவர் எழுதியதை மற்றவர் நடந்த நிகழ்ச்சியாக ஏற்றுக்கொண்டே தன் கதையை நடத்த வேண்டியிருக்கிறது. எங்கள் எழுவரில் நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. தேவகோட்டையிலிருந்து வரும், கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரை எல்லோரும் அண்ணன் என்று அழைக்கிறோம். புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பத்து இளைஞர் ஒருவர், ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை நடத்துபவரின் மகள், ரங்கூனில் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கி ஒன்றில் சமையல்காரராக இருந்தவரின் பேரன், பர்மாவில் துணிக்கடை வைத்திருந்த இசுலாமியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் பெண் ஒருவர் ஆகியோர் மற்றவர்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடமான பட்டாலையில் கூடுகிறோம். இதுவரை 38 கதைகள் பேரேட்டில் ஏறியிருக்கின்றன.

எங்கள் உலகம் எந்த இடத்தில் பிரிகிறது என்பதைச் சொல்வதற்கு முன், உண்மையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1929–30இல் பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய்ந்த குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்ததாகவும், அவற்றின் வழியே புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஐராவதிக் கழிமுகத்தின் நெல் விவசாயிகளுக்கு நிலத்தின் பேரில் கொடுத்த கடன். 1930ஆம் ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்லின் விலை சரிந்தபோது விவசாயியால் வட்டியும் கட்ட முடியவில்லை, முதலும் கட்ட முடியவில்லை. ஈடாக இருந்த நிலம், கொடுத்தவன் கைக்கு வந்தது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1937இல் 25 விழுக்காடாக, ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கராக உயர்ந்தது. அந்த நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் குறைவு. உழத் தெரியாத ஊரில், தாங்கள் குடியிருக்காத மண்ணில், நிலம் சேர்வது இலாபமன்று என்று கடைகளை நடத்திய அன்றைய மேலாட்கள் அறிந்தே இருந்தார்கள். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாட்டால் ஆவதொன்றுமில்லை. 1930 டிசம்பரில் தாராவதி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் எழுந்த கிளர்ச்சியும், 1938இல் இந்தியர்கள்மீது நடந்த தாக்குதல்களும் இந்த நிலக்கதைக்கு வெளியே நடந்தவை அல்ல.

பிறகு போர் வந்தது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினார்கள். 1942 மார்ச் 8ஆம் நாள் நகருக்குள் நுழைந்தார்கள். இலட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே தாய்நாடு திரும்ப முயன்றார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்களின் கணக்கை யாரும் முழுமையாக எழுதவில்லை. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. செட்டிநாட்டில் இன்று பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பலவற்றின் கதை இந்தச் சில வரிகளுக்குள் அடங்கிவிடும்.

இதில் எதை மாற்றுவது என்று நாங்கள் நான்கு மாதம் பேசினோம். ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வரவேயில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். நெல் விலை விழவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன் நான். வரலாறு கற்பிக்கும் பெண் இரண்டையும் மறுத்தார். படையெடுப்பையும் உலக மந்தத்தையும் தடுக்கும் ஆற்றல் அன்றைய பர்மிய விவசாயியிடமும் இல்லை, செட்டிநாட்டு முதலாளியிடமும் இல்லை. அவர்கள் கையில் இல்லாத ஒன்றை மாற்றினால் அவர்களுடைய செயலுக்குக் கதையில் எடை இருக்காது என்றார். அவர் காட்டிய இடம் மிகச் சிறியது. பெரும் நிலங்களை விலைக்கு வாங்கி உழுபவர்களுக்கு வழங்க வகைசெய்யும் சட்டம் ஒன்று 1941இல் பர்மாவில் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வருவதற்குள் போர் வந்துவிட்டது. அந்தச் சட்டம் 1938இலேயே வந்து, கடைகளும் அதற்கு இணங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? மாற்றம் வெறும் மூன்று ஆண்டுகள்தான். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஒரு மேலாள் தன் கடையில் இருந்துவிட்டுத் திரும்பும் காலம் மூன்று ஆண்டுகள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கணக்கின் காலம் முன்னதாக நடந்த ஒரு நல்ல காரியம் என்ற அளவில் அது எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. விலையில் பாதியை அரசு கொடுக்கும், மறுபாதியை உழுபவர் மூன்று அறுவடைகளில் தவணையாகக் கட்டுவார் என்று முதற்பக்கத்தில் எழுதி ஏழு பேரும் கையெழுத்திட்டோம். அந்த இடத்தைப் பிரிபுள்ளி என்று அழைக்கிறோம்.

புள்ளி என்ற சொல்லுக்கு எங்களிடம் வேறொரு பொருளும் உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரில் ஒருவர் மணமானவுடன் அந்தக் கணவனும் மனைவியும் ஒரு புள்ளியாகக் கோயில் கணக்கில் ஏறுவார்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று வரி கட்டுவார்கள். இருவரில் ஒருவர் மறைந்தால் மற்றவர் அரைப்புள்ளி. எங்கள் பேரேட்டிலும் கதைமாந்தர் யாராயினும், பர்மியராயினும், எந்தச் சாதியினராயினும், முதலில் புள்ளியாக ஏறிய பிறகே கதைக்குள் வரலாம் என்று விதி வைத்தோம். பெயர், ஊர், வயது, எந்தக் கடை, எந்த ஆண்டு கப்பலேறினார், எந்த ஆண்டு திரும்பினார் என்ற ஆறு செய்திகள் எழுதப்பட வேண்டும். வரலாற்றில் பெயர் பெற்ற பெரியவர்கள் புள்ளியாக ஏறக் கூடாது. அவர்கள் கதைகளின் புறத்தே தம் வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள்.

எங்கள் முறையில் மிகவும் பயன்பட்டது அண்ணன் கொண்டுவந்த பற்று வரவுதான். மாற்று உலகில் ஒருவருக்கு ஒரு நன்மை நடந்ததாக எழுதினால் அது வரவு. அந்த நன்மை யாரிடமிருந்து, எதனிடமிருந்து வந்தது என்பதை எதிர்ப்பக்கத்தில் பற்றாக எழுத வேண்டும். ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போடும்போது இரண்டும் ஒத்துவராவிட்டால் கதை ஏறாது. முதல் ஆண்டில் இது எழுத்தாளர்களுக்கு ஏற்ற முறையன்று என்று நான் வாதிட்டேன். இன்று வேறு எந்த முறையிலும் இந்த உலகம் நின்றிருக்காது என்று நினைக்கிறேன்.

எடுத்துக்காட்டாக, நிலம் திரும்பக் கிடைத்த விவசாயியின் மகிழ்ச்சியைப் பற்றி முதல் கதையை எழுதியவர் நான். அதைப் படித்த அண்ணன், “ஆச்சி, அடுத்த நடவுக்கு இவருக்கு விதைநெல்லும் கூலியும் யார் கொடுத்தது?” என்று கேட்டார். நான் அதை எண்ணிப் பார்க்கவேயில்லை. கடைகள் மூடப்பட்டால் கடனும் நின்றுவிடும். கழிமுகத்தின் சாகுபடி முழுவதும் நடவுக்கு முன் வாங்கி அறுவடைக்குப் பின் கொடுக்கும் கடனில் ஓடிக்கொண்டிருந்தது. 1942இல் செட்டியார்கள் ஓடியபோது உண்மையிலேயே அந்தக் கடனோட்டம் அறுந்தது. எங்கள் உலகில் நான்கு ஆண்டுகள் முன்னதாக, அமைதியான காலத்திலேயே அது அறுந்திருக்கும். அதனால் என் கதையின் விவசாயி பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்று விட வழியில்லாமல், அதே கடை வாசலில் வந்து நின்றார். அந்த வாசலிலிருந்து அண்ணன் மூன்று கதைகள் எழுதினார். பத்திரம் பெற்ற பதினெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, கணக்கெழுதத் தெரிந்தவர் யாருமில்லாமல், மூட இருந்த கடையின் இளநிலைப் பணியாளனான பெட்டியடிப் பையனையே கணக்கராக அமர்த்திக்கொண்ட கதை அவற்றுள் ஒன்று. இதுவரை எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று நான் கருதுகிறேன்.

சமையல்காரரின் பேரன் எழுதியது வேறுவகை. கழிமுகத்துக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, அங்கிருந்த மேலாட்களும் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாட்களும் கப்பலுக்காக ரங்கூனுக்கு வந்து மொகல் தெருக் கிட்டங்கிகளில் தங்குகிறார்கள். நாற்பது பேருக்குச் சமைத்தவர் நூறு பேருக்குச் சமைக்கிறார். ஆறு மாதத்தில் கூட்டம் கலைகிறது. அதன்பின் அவருக்கு வேலையே இல்லை. முதலாளிக்கு நிலத்தின் விலை தவணையில் வருகிறது, சமையல்காரருக்கு எந்தச் சட்டமும் எதையும் திருப்பித் தரவில்லை. நன்மை விளைந்ததாக நாங்கள் எழுதிய எந்தப் பக்கத்துக்கும் எதிரே இவருடைய பற்று எழுதப்படாமல் விட்டுப்போயிருந்ததை அந்தக் கதை காட்டியது. நகரத்தார் வீட்டில் பிறந்த நான் தனியாக எழுதியிருந்தால் அந்தச் சமையலறைக்குள் சென்றிருக்க மாட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆத்தங்குடிப் பெண்ணின் கதை ஒன்று எங்களுக்குள் பெரிய பூசலை உண்டாக்கியது. பணம் ஊர் திரும்பியதால் வீடு கட்டுவது தொடர்ந்ததாகவும், 1944இல் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடு எழுந்ததாகவும் துணிக்கடைக் குடும்பத்து நண்பர் எழுதியிருந்தார். முகப்பில் பன்னிரண்டு பர்மாத் தேக்குத் தூண்கள் நின்றன. அந்த வீட்டுக்குத் தரைக்கல் போட்டவர்களின் கதையை எழுத வந்த இவர், தம் பட்டறையில் செய்வதுபோலவே எழுதினார்: கண்ணாடிமேல் வார்ப்பு அச்சை வைத்து, நிறக்கலவையைக் கரண்டியால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது வரை. எழுதிக்கொண்டிருக்கும்போதே தூண்களின் கணக்கைப் பார்த்திருக்கிறார். 1942 மார்ச்சுக்குப் பிறகு ரங்கூனிலிருந்து ஒரு மரமும் வந்திருக்க முடியாது; எங்கள் பிரிபுள்ளி படையெடுப்பைத் தடுக்கவில்லை. அப்படியானால் அந்தப் பன்னிரண்டு தூண்கள் எங்கிருந்து வந்தன?

தூண்களை நீக்கிவிடலாம் என்றார்கள். அவற்றைச் சுற்றி அதற்குள் வேறு இரண்டு கதைகள் நடந்துவிட்டன. கடைசியில் விடை ஆத்தங்குடிப் பெண்ணிடமிருந்தே வந்தது. பங்காளிகள் பிரிந்ததால் கோட்டையூர்ப் பக்கத்தில் ஒரு வீடு இடிக்கப்படுகிறது. அதன் தூண்கள் வண்டியில் ஏறிப் பள்ளத்தூருக்கு வருகின்றன. அதை அவர் வாசித்து முடித்தபோது பட்டாலையில் யாரும் பேசவில்லை. வீடுகள் இடிக்கப்படாத ஒரு செட்டிநாட்டை எழுதுவதற்காகத்தான் நாங்கள் கூடினோம். கணக்கு ஒத்துவர வேண்டும் என்ற ஒரே காரணத்தால், முனீசுவரன் கோயில் தெருவில் நாங்கள் நாள்தோறும் பார்க்கும் காட்சி எங்கள் கற்பனை ஊருக்குள்ளும் வந்துவிட்டது.

இந்த வகை எழுத்து வெளிநாடுகளில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அவற்றுள் எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தது, அமெரிக்க எழுத்தாளர் எரிக் ஃபிளிண்ட் 2000ஆம் ஆண்டில் ஒரு நாவலாகத் தொடங்கிய உலகம். மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளர் சிற்றூர் ஒன்று, அதன் மக்களோடும் மண்ணோடும் பெயர்ந்து, முப்பதாண்டுப் போர் நடக்கும் 1631ஆம் ஆண்டின் ஜெர்மனிக்குள் விழுந்துவிடுகிறது. பொறித்தொழிலாளியாகவும் தொழிற்சங்கப் பணியாளராகவும் இருந்த ஃபிளிண்ட், அந்த உலகத்தின் கதவைப் பிறருக்கும் திறந்துவிட்டார். புதிதாக எழுத வந்தவர்கள் உட்படப் பலர் அதில் கதை எழுதினார்கள். அதற்கென்றே ஓர் இதழும் நடந்தது. அவர் 2022இல் மறைந்த பிறகும் மற்றவர்கள் அங்கே எழுதுகிறார்கள்.

எனக்கு அவர்களிடம் பிடித்தது அவர்களுடைய கட்டுப்பாடு. கற்பனைச் சிற்றூருக்கு மானிங்டன் என்ற உண்மையான ஊரை அளவாக வைத்தார்கள். பொதுவாக, மானிங்டனில் இல்லாத இயந்திரமோ கடையோ கதையின் ஊரிலும் இருக்கக் கூடாது. ஊரில் உள்ளவர்களுக்கு ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. கதைக்கு ஆள் தேவைப்பட்டால் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பதினேழாம் நூற்றாண்டுக்குள் விழுந்த ஊருக்கு எந்த மருந்தையும் எந்தக் கருவியையும் எழுத்தாளன் விருப்பம்போல் கொடுத்துவிட முடியாது என்பதால்தான் அங்குள்ள மக்களின் உழைப்பு நமக்கு உண்மையாகத் தெரிகிறது. எங்கள் புள்ளிக் கணக்கின் விதையை அங்கிருந்தே எடுத்தேன்.

ஆனாலும், பலர் ஒரே கதையுலகில் எழுதுவது நமக்கு இறக்குமதிச் சரக்கு என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். முப்பது ஆண்டுகள் வகுப்பில் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் நடத்தியவள் நான். ஒரே மனிதர்கள், ஒரே புகார் நகரம், இரண்டு புலவர்கள், இரண்டு சமய நோக்குகள். சாத்தனார் எழுத வரும்போது இளங்கோ எழுதிய எதையும் இல்லையென்று ஆக்கவில்லை. கோவலன் கொலையுண்டது கொலையுண்டதுதான். மதுரை எரிந்தது எரிந்ததுதான். ஆனால் வஞ்சியில் கோயில் கொண்டிருக்கும் கண்ணகி மணிமேகலையிடம் பேசும்போது, மதுரையை எரித்த சினத்தின் வினையைத் தானும் துய்த்தே தீர வேண்டும் என்கிறாள். சிலம்பில் வழக்குரைத்து வென்ற பத்தினியின் எதிர்ப்பக்கத்தில் மணிமேகலை ஒரு பற்றை எழுதுகிறது. நிகழ்ச்சியை அழிக்காமல் அதன் பொருளை மட்டும் திருப்பிவிடும் இந்த வேலையை நாங்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறோம்: ஏறிய கதையை யாரும் அழிக்கக் கூடாது, அதற்கு மறுபக்கம் எழுதலாம். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்தவர்கள் என்பது எங்கள் சமூகத்தின் மரபுவழிச் செய்தி. அந்தப் பட்டினத்தைச் சிலம்பு கொண்டாடுகிறது, மணிமேகலை கடலுக்குக் கொடுக்கிறது. விட்டுவந்த நகரத்தைப் பலர் சேர்ந்து எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று.

இனி, நான் எழுத முடியாமற்போன வரிக்கு வருகிறேன்.

என் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) தந்தையார், கழிமுகத்துப் பியாப்பொன் பக்கத்தில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். 1942 பிப்ரவரியில் ஐராவதிக் கரை ஊரான புரோமிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று வீட்டுக்கு வந்தது. அரக்கான் மலையைக் கடந்து கடற்கரைக்குப் போகப் போவதாகவும், கூட்டமாகப் போவதால் கவலை வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. அவரோடு நடந்ததாக யாரும் வந்து சொல்லவுமில்லை. என் அப்பத்தா அன்றிலிருந்து 1971இல் இறக்கும்வரை, கோயிலுக்கு முழுப்புள்ளி வரியே கட்டினார். பங்காளிகள் எடுத்துச் சொன்னபோதெல்லாம், “இறந்தாருன்னு யாரு வந்து சொன்னா?” என்பதற்குமேல் அவர் பேசியதில்லை. நான் அந்த வரிச்சீட்டுகளைப் பார்த்து வளர்ந்தவள். மாற்று வரலாறு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கும், மற்ற ஆறு பேரைக் கூட்டியதற்கும், அந்தச் சீட்டுகளே காரணம். எங்கள் உலகில் 1940க்குள் கடை மூடப்படும், ஐயா சென்னையில் கப்பலிறங்கி ஊருக்கு வருவார், அப்பத்தா நிலைவாசலில் நிற்பார் என்ற காட்சியை நான் முதல் நாளிலிருந்தே மனத்தில் வைத்திருந்தேன்.

மூன்றாம் ஆண்டில்தான் அதை எழுதத் துணிந்தேன். பேரேட்டில் ஏற்றக் கொடுத்தபோது, புதுவயல் இளைஞர் பக்கங்களைத் திருப்பித் தம் கதை ஒன்றைக் காட்டினார். அது ஓராண்டுக்கு முன்பே ஏறியிருந்தது. நானே படித்துப் பாராட்டியிருந்தேன். பியாப்பொன் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கணவரை இழந்த ஒரு பர்மியப் பெண், இரண்டு தவணைகளைக் கட்டிவிட்டார். வெள்ளத்தில் பயிர் போனதால் 1941 தைமாதத்துக்குரிய மூன்றாம் தவணையைக் கட்ட முடியவில்லை. விதிப்படி நிலம் கடைக்கே திரும்ப வேண்டும். கடையின் மேலாள் ஊர் திரும்பிவிட்டார். கணக்கை முடிக்க ஓர் அடுத்தாள் மட்டும் இருக்கிறார். அவர் தம் பொறுப்பில் அடுத்த அறுவடைவரை தவணை கொடுக்கிறார். பத்திரத்தைக் கையில் ஒப்படைக்கும்வரை கடையை மூட முடியாது என்பதால் அவரும் தங்கிவிடுகிறார். அந்த அடுத்தாளுக்கு இளைஞர் பெயர் வைக்கவில்லை. ‘பியாப்பொன் கடை அடுத்தாள்’ என்றே எழுதியிருந்தார். அந்தக் கடைக்கு அந்த ஆண்டுகளில் நான் புள்ளிக்கணக்கில் ஏற்றியிருந்த அடுத்தாள் ஒருவர்தான். அவர் என் ஐயா.

அன்று எனக்கு வந்த சினத்தை மறைக்கப் போவதில்லை. என் வீட்டுத் துயரத்தைப் பற்றி அறியாத ஒரு பிள்ளை, என் ஐயாவை மீண்டும் ஒருமுறை பர்மாவில் நிறுத்திவிட்டதாக உணர்ந்தேன். அவர் மனம் நொந்து, “ஆச்சி, என் கதையை மாத்திடுறேன், தவணை கட்டிட்டதா எழுதிடுறேன்” என்றார். அப்போது அண்ணன் ஒன்றும் சொல்லாமல் எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்தார். அந்தப் பெண்ணின் நிலத்தின்மேல் மூன்று கதைகள் நின்றன. பத்திரம் அவர் கைக்கு வந்ததால்தான் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் பதினெட்டாவது ஆளானார். ரங்கூன் கிட்டங்கிக்குக் கடைசியாக வந்த அரிசி அவர் களத்திலிருந்து வந்தது. துணிக்கடைக்காரர் குடும்பம் தப்பிச் சென்ற படகு அவருடைய தம்பியின் படகு. ஐயாவை 1940இல் வீட்டுக்கு அழைத்து வந்து வரவு வைத்தால், தவணை கொடுக்க யாருமின்றி அந்தப் பெண் நிலத்தை இழக்க வேண்டும். அந்தப் பற்றை என் கையால் எழுத வேண்டும்.

மூன்று மாதம் நான் கூட்டத்துக்குப் போகவில்லை. பட்டாலையில் அவர்கள் கூடியபோது வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலேயே இருந்துவிட்டேன். தனியாக எழுதியிருந்தால் ஒரே இரவில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பேன் என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி வந்திருந்தால் அது அப்பத்தா விளக்கேற்றி வைத்த வேண்டுதலின் தொடர்ச்சியாக இருந்திருக்கும். எனக்கு ஆறுதலும் கிடைத்திருக்கும். ஆனால் அந்த ஐயாவை எனக்குத் தெரிந்திருக்காது. அவர் எப்படிப்பட்டவர் என்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை; கடிதத்தில் தெரிந்த கையெழுத்தைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வேறொருவர் எழுதிய கதையில்தான் அவர் முதன்முதலாக ஒரு முடிவெடுத்தார். தவணை கொடுத்த மனிதராக நான் அவரைப் பார்த்தது அந்த இளைஞரின் பக்கத்தில்தான்.

நான்காம் மாதம் பட்டாலைக்குப் போய், என் கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வேறொன்று எழுதினேன். 1942 சனவரியில் அறுவடை முடிகிறது. அந்தப் பெண் தவணைப் பணத்தைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுக்கிறார். ஐயா எண்ணிப் பார்த்து, பேரேட்டில் வரவு வைத்து, பத்திரத்தை இரண்டு கைகளாலும் நீட்டுகிறார். ரங்கூன் எரிந்துகொண்டிருப்பதால் கப்பலுக்குப் போக வழியில்லை. அந்தப் பெண்ணின் தம்பி தன் படகில் அவரை வடக்கே புரோம்வரை கொண்டுபோய் விடுகிறார். ஒரு சிறு மூட்டைக் கவுனி அரிசியும் வழிக்குக் கொடுக்கிறார்கள். படகுத்துறையில் ஐயா ஒரு கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதத்தை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை. வீட்டில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதினேன். கதை அந்த இடத்தில் நிற்கிறது. எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டிய பற்று எதுவும் இல்லை என்று அண்ணன் பார்த்துச் சொன்னார்.

புள்ளிக்கணக்கில் ஐயாவின் பெயருக்கு எதிரே ஐந்து செய்திகள் நிரம்பியிருக்கின்றன. ஆறாவது, திரும்பிய ஆண்டு. விதிப்படி அந்த இடத்தை வெறுமையாக விடக் கூடாது. ஆண்டை எழுத வேண்டும், அல்லது இறந்ததைக் குறித்து அரைப்புள்ளியாக மாற்ற வேண்டும். கதை ஏறிய அன்று பேரேடு ஏழு பேரின் கையிலும் சுற்றி வந்தது. புதுவயல் தம்பி கடைசியாக வாங்கினார். பேனாவை எடுத்து, சற்று நேரம் வைத்திருந்து, மூடி, பக்கத்தைத் திருப்பாமல் என்னிடமே கொடுத்துவிட்டார். எங்கள் கதைகள் இப்போது 1946வரை வந்துவிட்டன. அப்பத்தா ஒவ்வோர் ஆண்டும் முழுப்புள்ளி வரி கட்டுகிறார். அண்ணன் அதை வரவு வைக்கிறார்.